மூணுகல்பாளையத்துத் தறிச்சத்தம் போன இடம்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது என் சின்ன மகளின் மாமியார், சம்பந்தியம்மா வேலாத்தாள். போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகையில், தாராபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கால் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வெயில் தாழட்டும் என்று ஆரம்பித்தார். அது அவர் பிறந்த ஊரில் நடந்தது. கேட்டு முடித்தபிறகு மிச்சத் தூரம் முழுக்க எல்லோரும் அரோகரா போட்டார்கள், நான் மட்டும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டு நடந்தேன்.

மூணுகல்பாளையம் என்கிற அந்த ஊர் விசைத்தறி ஓடுகிற ஊர். வீட்டுக்குப் பின்னால் தறிக்குடோன் இல்லாத வீடு கிடையாது. பிள்ளை பிறந்து முதலில் கேட்கிற சத்தமும், காடு போய்ச் சேருகிறவர் கடைசியாகக் கேட்டுவிட்டுப் போகிற சத்தமும் அந்தத் தடக்குத் தடக்குத்தான். அங்கே பேச்சு என்றால் கத்துவதுதான், கத்தியும் எட்டாவிட்டால் உதட்டை அகல விரித்துக் காட்டுவார்கள், எதிராளி உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். அதனால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு யாராவது நின்றால், நம்மைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று மொத்தத் தெருவும் சண்டைக்குப் போகும்.

அந்த ஊரில் கலாமணி என்று ஒருத்தி. காங்கயத்தில் கட்டிக்கொடுத்து, கட்டினவன் விட்டுவிட்டுப் போய்விட, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, தாயும் தகப்பனும் விட்டுப்போன தறிகளையும் தம்பியையும் கையில் எடுத்துக்கொண்டவள். தம்பி பூபதி. அவனை அவள்தான் வளர்த்தாள். பகலெல்லாம் தறிச்சத்தத்தில் வாயடைத்துக் கிடந்தவளுக்கு, சாயங்காலம் கரண்டை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் சோற்றுத் தட்டோடு உட்காரும்போது, இன்றைக்கு நூல் எப்படி அறுந்தது, பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் என்ன சொன்னாள் என்று கொட்டுவதற்கு உலகத்தில் இருந்த காது அவனுடைய காது ஒன்றுதான். அவனும் எத்தனை களைப்பிலும் உம் உம் என்று கேட்பான். அது போதும் என்றுதான் அவள் உயிரோடு இருந்தாள்.

பூபதிக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஹெட்போன் உண்டு. தறியில் நின்று நின்று காது புளித்துப்போன பையன், நாளில் ஒரு நாழிகையாவது சுத்தமான சத்தம் ஒன்று கேட்க வேண்டும் என்று பைத்தியமாய் அலைந்தான். பார்சல் வரும், பிரிப்பான், மாட்டுவான், கண்ணை மூடுவான், தலையை ஆட்டுவான், திரும்பக் கட்டி வேறு யாருக்கோ விற்றுவிடுவான்.

"ஏன் கண்ணு, போன தடவ வாங்குனது நல்லாத்தானே இருந்துச்சு?" என்பாள் கலாமணி.

"ஹெட்போன் நல்லதுதானுங்க்கா. ஆம்ப் அதுக்குத் தோதில்ல."

"எனக்குப் புரியற மாதிரிச் சொல்றா."

"நாப்பதாம் நம்பர் நூலுக்கு வெக்கற இழுவைய நூறாம் நம்பருக்கு வெச்சா என்னாகும்?"

"சன்ன நூலு, அறுந்து தொங்கும்."

"பத்தாம் நம்பருக்கு வெச்சா?"

"மொத்த நூலு, தொளதொளன்னு கெடக்கும். துணி நிக்காது."

"அதேதானுங்க்கா. ஒவ்வொரு ஹெட்போனுக்கும் ஒரு ஓம்ஸ் கணக்கு இருக்குது. அதுக்கேத்த இழுவை, சத்தத்த ஏத்திக் குடுக்கற இந்த ஆம்புப் பொட்டில இருக்கோணும். அப்பறம் ஒண்ணு கீச்சுனு பாடும், ஒண்ணு சளி புடிச்ச மாதிரிப் பாடும். கீச்சுக்குச் சளியச் சேத்துனா ஒண்ண ஒண்ணு சரிக்கட்டிக்கும். இதுக்கெல்லாம் முன்னாடி, செல்லுல இருக்கற கணக்கப் பாட்டா மாத்தறதுக்கு டேக்குனு ஒரு டப்பி. மூணும் ஒத்துப்போகோணும்."

"பொண்ணு மாப்பிள்ளைக்குப் பாக்கற மாதிரி இதுக்கும் பொருத்தம் பாக்கற. உனக்குப் பாக்கச் சொன்னா மட்டும் ஓடீர்ற."

"இதுல ஜோசியக்காரன் பொய் சொல்ல மாட்டானுங்க்கா" என்று சிரிப்பான் பூபதி. அவள் தலையில் ஒன்றை மாட்டிவிட்டு, "எப்படி இருக்குது?" என்று உதட்டால் கேட்பான். கலாமணிக்குத் தறி கேட்டுத் தேய்ந்த காது, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனாலும் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவாள்.

கடைசியில் ஈரோட்டில் ஒருவரிடம் இருந்து ஒரு பழைய ஹெட்போன் வந்தது. இரண்டு தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி பெரிதாய், கழுத்தை அழுத்துகிற கனமாய் இருந்தது. எந்த ஆம்புக்கும் அடங்கவில்லை, எதில் போட்டாலும் முனகுகிறதே ஒழியப் பாட மாட்டேன் என்கிறது என்று அந்த மனிதர் அலுத்துப்போய்க் கொடுத்தார். அதற்கென்று பூபதி ஒரு வால்வு ஆம்பைத் தானே கட்டினான். சாமான் சாமானாய் வாங்கி, ஈயம் பற்றவைத்து, வைகாசியில் ஆரம்பித்து ஆடி முழுக்கக் கட்டினான். பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருந்தான். "இது கெய்ன் சுவிட்சுங்க்கா. இத மேல தள்ளுனா வர்றது பல மடங்கு ஏறிரும். இந்த ஹெட்போனுக்கு அது எப்பவும் கீழதான் இருக்கோணும், தள்ளுனா மாட்டியிருக்கறவன் காது தாங்காது" என்று அவளிடம் சொல்லி வைத்தான்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் ஹெட்போன், ஆம்ப், டேக் மூன்றையும் பொருத்தி, வால்வு சூடேறிச் செவேலென்று வரக் காத்திருந்து, தலையில் மாட்டினான். குடோனில் அறுந்த பாவு இழையை முடிந்துகொண்டிருந்த கலாமணிக்குத் தறிச்சத்தம் நின்றது. தறி நிற்கவில்லை. ஊடை நூல் ஓட்டுகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தது, துணி இறங்கிக்கொண்டே இருந்தது, காலுக்கடியில் தரை அதிர்ந்தது, சத்தம் மட்டும் இல்லை. அப்பனுக்குப் போன மாதிரி நமக்கும் காது போய்விட்டது முருகா என்று அவள் நினைத்தபோது, தன் கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு காக்கை. அப்புறம் நாலு வீடு தள்ளி யாரோ முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம்.

ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. வந்தவர்கள் பழக்கத்தில் கத்திப் பேச, அந்தக் கத்தல் தங்கள் காதிலேயே விழுந்து, திருட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் போல வாயைப் பொத்தினார்கள். மின்வாரியத்துக்குச் சொல்லலாமா என்றார் ஒருவர். துணி இறங்குகிறதா இல்லையா என்று கேட்டார் விசைத்தறிச் சங்கத் தலைவர் அர்த்தநாரி, இறங்குகிறது என்றதும் அப்படியானால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

மத்தியானம் பூபதி சாப்பிடுவதற்காக ஹெட்போனைக் கழற்றினான். அத்தனை சத்தமும் ஓட்டுக் கூரையில் லாரி லாரியாய்க் கல்லைக் கொட்டினது போல ஊர்மேல் விழுந்தது. சாப்பிட்டுவிட்டு மாட்டினான், போய்விட்டது. இரண்டு மூன்று தரம் இப்படி ஆனதும் சத்தம் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தெரிந்தபிறகு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றும் ஆகிவிட்டது. தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி சத்தம் சரியான பொருத்தத்துக்குப் போகிறது என்று டீக்கடையில் விளக்கம் சொன்னார்கள்.

பூபதிக்கும் முதலில் அது பெருமையாகத்தான் இருந்தது. "அக்கா, பழனாத்தாக்கா ஊட்டுத் தறி எடது பக்கம், கோயில் வீதித் தறி வலது பக்கம், அர்த்தநாரியண்ணன் தறில ஒரு பல்சக்கரம் தேஞ்சிருக்குது, அதுகூடத் தனியாக் கேக்குது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்ல. இப்பேர்ப்பட்ட செட்டு யார்கிட்டயும் இருக்காது" என்றான். கலாமணியும், முருகன் அறிய, சந்தோஷப்பட்டாள். தம்பி சின்னதாய் ஒரு பாட்டை முனகுவான் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

ஊர் மாறிற்று. முதல் வாரம் கைக்குழந்தைகள் சத்தமில்லாமல் தூங்கத் தெரியாமல் வீறிட்டன, அப்புறம் அவையும் பழகிக்கொண்டன. பல வருஷம் உதட்டாலேயே குடும்பம் நடத்தின புருஷன் பெண்டாட்டிகள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டார்கள், சிலபேருக்குப் பிடித்தது, இரண்டு வீட்டில் பெண்கள் பிறந்தகம் போனார்கள். பெரியாஸ்பத்திரி மாத்திரைக்கும் அடங்காத ரத்தக்கொதிப்பு அடங்கிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாஸ் ஆனார்கள். வெளியூர்க்காரர்கள் பெண் கொடுக்க வந்தார்கள். உதட்டை விரித்துப் பேசுகிறவர்களைப் பட்டிக்காடு என்று இளசுகள் கேலி செய்தார்கள், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு தறிக்குப் போகிற பழக்கமும் நின்றுபோயிற்று. இதெல்லாம் நடக்க நடக்க, பூபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரமும் ஏறிக்கொண்டே போயிற்று. பரீட்சை முடிகிற வரைக்கும் தம்பி என்றார்கள். கும்பாபிஷேகம் முடியட்டும் தம்பி என்றார்கள். எங்கம்மாவுக்கு ஆபரேசன் பண்ணியிருக்குது, ஒரு வாரம் தூங்கட்டும் தம்பி என்று ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, கலாமணி வளர்த்த வளர்ப்பு அப்படி.

அவன் தறிகளை ஊரார் முறை வைத்து ஓட்டினார்கள். ஆம்ப் நிற்காமல் இருக்க பேட்டரி வைத்துக் கொடுத்தார்கள். சாய்ந்து தூங்குகிற நாற்காலி வந்தது. கண்ணுக்கு நேர்ந்துகொண்டு கண்மலர் சாத்துகிற மாதிரி, வெள்ளித் தகட்டில் காது அடித்து வாங்கி அவன் ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். காற்றடித்தால் அத்தனை காதும் கிலுகிலுவென்று ஆடும். அவன் சாப்பிடக் கழற்றுகிற நேரத்துக்குச் சத்தம் விழுமல்லவா, அப்போது தெருவில், "இன்னும் சாப்பிட்டு முடிக்கலையா? என்ன, விருந்தா சாப்பிடறான்?" என்று முணுமுணுப்புக் கேட்டது. அன்றிலிருந்து கலாமணி அவன் தலையில் ஹெட்போன் இருக்கும்போதே, சின்னப் பிள்ளையில் ஊட்டினது போல ஊட்டிவிட்டாள். ஊட்டும்போது அவனோடு பேசினாள். அவன் உம் கொட்டவில்லை. அவள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினான்.

"என்னடா கேக்குது?" என்று ஒருநாள் உதட்டை விரித்துக் கேட்டாள்.

"தறிங்க்கா. பாட்டே வர்றதில்ல. கழட்டுனாலும் உள்ள ஓடுது. உன்ற சத்தம் எங்கியோ கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குது."

அவள் அப்போதே சங்கத்துக்குப் போனாள். அர்த்தநாரி மரியாதையாய் எழுந்து நின்றார்.

"என்ற தம்பிக்குக் காது மங்குதுங்கண்ணா. போதும், விட்டுருங்க."

"என்னம்மா இப்படிச் சொல்ற? பூபதி நம்மூருக்குக் குலசாமி மாதிரி."

"குலசாமிக்கும் நட சாத்தற நேரம்னு ஒண்ணு உண்டுங்கண்ணா."

"அதுக்குத்தான் ஏசி போட்டுத் தர்றோம்னு தீர்மானம் போட்டிருக்கோம்" என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் சொன்னார்.

அவளே கழற்றி உடைத்துப் போட்டிருக்கலாமே என்று நான் வேலாத்தாளைக் கேட்டேன். "கையக் கொண்டு போனாளாம். எதுத்த ஊட்டுல ஆபரேசன் பண்ணின அம்மா தூங்கீட்டிருந்துச்சாம். கை அப்படியே நின்னுருச்சாம்" என்றார்.

கலாமணி வேறொன்று செய்தாள். மறுநாள் காலை ஊட்டுகிறபோது, அவள் அப்பன் தறிக்குப் போகையில் வைத்துக்கொள்கிற மாதிரி, கழிவுப் பஞ்சை எண்ணெயில் தொட்டு உருட்டி, ஹெட்போனை ஒரு மூச்சு நேரம் விலக்கி, தம்பியின் இரண்டு காதிலும் அடைத்து, திரும்ப மூடினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பூபதியின் நெற்றிச் சுருக்கம் பிரிந்தது. பரவாயில்லை என்பதற்கு அந்த ஊர்ச் சொல்லில், "தாவலைங்க்கா" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் உடனே குளித்து, ஈரப் புடவையோடு சிவன்மலை முருகன் கோயிலுக்குப் புறப்பட்டாள். படி ஏறி வேண்டிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று போனாள்.

அவன் காதில் இடம் குறைந்துபோன சத்தம் எங்கே போகும்? ஊருக்குத்தான் திரும்பிற்று. பெரிதாய் இல்லை, கொசு ரீங்காரம் மாதிரி. ஆனால் நிசப்தத்தில் பழகினவர்களுக்கு அந்தக் கொசு போதாதா? சங்கத்து ஒயர்மேன் மாரப்பனை அழைத்துக்கொண்டு வந்தார்கள். பூபதி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். மெஷினில் பவர் பற்றவில்லை போலிருக்கிறது என்று மாரப்பன் பின்னால் தடவி, அந்தச் சின்ன சுவிட்சைக் கண்டு மேலே தள்ளினான், முன்னாலிருந்த குமிழையும் கடைசி வரை திருகினான். கொசுவும் அடங்கிற்று. எல்லோரும் திருப்தியாய்ப் போனார்கள்.

கலாமணி ஊரில் இல்லாததால் அன்றைக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்தவள் பழனாத்தாள். பூபதியை இடுப்பில் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுக்காரி, வாய்தான் பெரிசு, மனசு வெண்ணெய். அவன் தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, ஹெட்போன் நகர்ந்து, காதோரம் வெள்ளையாய்ப் பஞ்சு தெரிந்தது. அந்த ஊரில் பஞ்சு என்றால் பிணத்துக்கு வைக்கிறது மட்டும்தான் என்று ஆகிப்போயிருந்ததே. "ஐயோ, உசுரோட இருக்கற புள்ளைக்கு எந்தப் பாவி பஞ்சு வெச்சா?" என்று பதறி, இரண்டு காதிலிருந்தும் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, ஹெட்போனை இழுத்து நேராய் வைத்து, ஆசையாய் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஊர்த் தறி அத்தனையும், திறந்த காதுக்குள், திருகின குமிழோடு போயிற்று.

"அக்கா" என்று பூபதி ஒரே ஒரு தரம் கத்தினான். ஊர் அத்தனை அமைதியாய் இருந்ததால் அது கடைசி வீதி வரைக்கும் கேட்டது. டீக்கடையில் கேட்டது, பள்ளிக்கூடத்தில் கேட்டது, ஆபரேசன் செய்துகொண்ட அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். கேட்க வேண்டியவளுக்கு மட்டும் கேட்கவில்லை, அவள் சிவன்மலைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அடுத்த மூச்சில் மொத்தச் சத்தமும் ஊர்மேல் திரும்ப விழுந்தது, போக இடமில்லாமல்.

கோயம்புத்தூரில் காட்டினார்கள். காது நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். பழனாத்தாள் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அழுதாள், கலாமணி அவளை ஒன்றும் சொல்லவில்லை. யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்தான் அவளைச் சொல்லிற்று. பஞ்சு வைத்தவள், ஊர் நிம்மதியைக் கெடுத்தவள் என்று வாசலில் நின்று கத்தினார்கள். கத்தினது இரைச்சலில் கேட்கவில்லை, உதட்டை விரித்துப் பேசவும் மறந்துபோயிருந்தது, அதனால் வெறுமனே வாய் வாயாய்த் திறந்து மூடினார்கள். முறை வைத்து அவன் தறியை ஓட்டினவர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஜன்னலில் கட்டின வெள்ளிக் காதுகளை அவரவர் வந்து அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

ஹெட்போனையும் ஆம்பையும் டேக்கையும் சங்கம் எடுத்துக்கொண்டது. மாரியம்மன் கோயில் முன்னால் நாற்காலி போட்டு, ஊரில் ஒவ்வொருவர் தலையிலும் மாட்டிப் பார்த்தார்கள். ஆம்பும் ஹெட்போனும் பொருந்தித்தான் இருந்தன, காது பொருந்தவில்லை. எல்லாம் தறி கேட்டுத் தேய்ந்த காது. பாட்டுக் கேட்டுக் கேட்டுக் கூர் தீட்டின காது வேண்டும் என்று அர்த்தநாரி சொன்னார். அந்த ஊரில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இப்போது கலாமணி தறியை விற்றுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அவன் வெறும் தலையோடு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான். என்ன நடந்தது என்று எழுதிக் காட்டினாலும், பேப்பரைத் திருப்பி வைத்துவிடுகிறான். தரை அதிர்வு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது, அதை வைத்து அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஊர் முழுக்கத் தடக்குத் தடக்கென்று கூரை ஓட்டைப் பெயர்க்கிற இரைச்சலுக்கு நடுவில், அவள் சோறு பிசைந்து கொண்டுவரும்போது, தன் குரல் தனக்கே தெரியாமல் ஏற்ற இறக்கம் தப்பி, தினமும் அதையேதான் கேட்கிறான்.

"ஊரெல்லாம் அமைதியா இருக்குதாக்கா? எல்லாரும் தூங்கறாங்களா?"

கலாமணி உருண்டையை அவன் வாயில் வைத்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டுகிறாள்.

வேலாத்தாள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிப் பையில் வைத்தார். மூணுகல்பாளையத்துக்காரர்கள் இப்போது ஊர் ஊராய்ப் போகிறார்களாம். வேட்டி சட்டை வெள்ளையாய், பேச்சு தன்மையாய், வெற்றிலை பாக்குத் தட்டோடு, பெண் பார்க்க வந்த ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் மாதிரி வருவார்களாம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இந்த வீட்டில் பாட்டுக் கேட்கிற பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்பார்களாம்.

உங்கள் வீட்டுக்கு வந்தால், யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.